பேலரில் ஒரு பெயர்ப்பலகைச் சண்டை

1999 அக்டோபரில், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் வேக்கோ நகரில் இருக்கும் பேலர் பல்கலைக்கழகத்தில், பரிணாமக் கோட்பாட்டோடு மோதும் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற வாதத்தை ஆராய 'மைக்கேல் பொலானி மையம்' என்று ஓர் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. ஆரவாரம் எதுவும் இல்லை. அப்படியொன்று தங்கள் வளாகத்தில் இருப்பதே பெரும்பாலான பேராசிரியர்களுக்கு 2000 ஜனவரியில், அதன் இணையதளம் வெளியான பிறகுதான் தெரியவந்தது. தெரிந்து நான்கு மாதம் ஆவதற்குள் ஆசிரியர் மன்றம் கூடி, 27-க்கு 2 என்ற வாக்கில் அதைக் கலைத்துவிடச் சொன்னது. மையம் தொடங்கி ஓராண்டு ஆனபோது அதன் பெயரை எடுத்துவிடச் சொல்லி அறிக்கை வந்திருந்தது, இயக்குநர் பதவி இழந்திருந்தார்.

பரிணாமத்தை ஒட்டிய அமெரிக்கச் சண்டைகள் என்றால் நமக்கு நினைவுக்கு வருபவை பள்ளிக்கூட வழக்குகள். 1925-இல் டென்னசியில் பரிணாமத்தைக் கற்பித்த ஆசிரியர் மீது நடந்த ஸ்கோப்ஸ் வழக்கு, படைப்புவாதத்தைப் பள்ளிப் பாடமாக்கும் லூசியானா சட்டத்தை 1987-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, 2005-இல் பென்சில்வேனியாவின் டோவர் வழக்கு. கடைசி இரண்டிலும் கேள்வி ஒன்றேதான்: அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதத்தைப் பாடமாக வைக்கலாமா? கூடாது என்பது அரசியல் சட்டம். விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

பேலரில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. அது பாப்டிஸ்ட் சபையினர் நிறுவிய தனியார் பல்கலைக்கழகம். டெக்சஸ் தனிக் குடியரசாக இருந்த காலத்தில், 1845-இல் உரிமம் பெற்றது. அங்கே ஓர் ஆசிரியர் வகுப்பில் கடவுளைப் பற்றிப் பேசினால் எந்த நீதிமன்றமும் கூப்பிட்டுக் கேட்காது. அறிவார்ந்த வடிவமைப்பு, அதாவது உயிர்களின் சில அமைப்புகளுக்குப் பின்னால் ஓர் அறிவு வேலை செய்திருக்கிறது என்பதை அறிவியல் முறையிலேயே கண்டுபிடித்துவிட முடியும் என்ற வாதம், வேரூன்ற இதைவிட வாகான மண் கிடைக்காது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அங்கேயே அது அடிபட்டது ஏன்?

கொள்கை ஒரு காரணம். ஆனால் நடந்தவற்றை வரிசையாகப் பார்க்கும்போது எனக்குப் பெரிதாகத் தெரிவது நியமனம். யாரை, யாரைக் கேட்டு, எந்த வாசல் வழியாக உள்ளே கொண்டுவந்தார்கள் என்பதில்தான் முதல் பிசகு நடந்தது. கடைசி வரை யாராலும் அதைச் சரிசெய்ய முடியவில்லை.

பழைய காயங்கள்

பேலர் ஆசிரியர்கள் ஏன் இவ்வளவு சீக்கிரம் கொதித்தார்கள் என்பது புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1921-இல் ஃபோர்ட் வொர்த் நகரின் பாப்டிஸ்ட் போதகர் ஜே. ஃபிராங்க் நாரிஸ், பேலரில் பரிணாமத்தைக் கற்பிக்கிறார்கள் என்று பிரசங்க மேடையிலிருந்து தாக்கினார். அவர் குறிவைத்தது சமூகவியல் பேராசிரியர் குரோவ் சாமுவேல் டோவை. டோ எழுதிய பாடநூலில் ஆதி மனிதனைப் பற்றிய சில வரிகள்தான் பிரச்சினை. நிர்வாகம் அவரை வெளியேற்றவில்லை, ஆனால் அழுத்தம் தாங்காமல் டோ தானே விலகினார். ஸ்கோப்ஸ் வழக்குக்கு நான்கு ஆண்டு முந்தைய கதை இது.

அடுத்தது 1979-க்குப் பிறகு. அமெரிக்காவின் மிகப்பெரிய புரோட்டஸ்டன்ட் அமைப்பான தெற்கு பாப்டிஸ்ட் பேரவையைப் பழமைவாத அணி படிப்படியாகக் கைப்பற்றியது. இறையியல் கல்லூரிகளில் ஆட்கள் மாறினார்கள். அடுத்தது நாம்தான் என்று பேலர் பயந்தது. அப்போதைய தலைவர் ஹெர்பர்ட் ரெனால்ட்ஸ் 1990-இல் பல்கலைக்கழகத்தின் சாசனத்தையே திருத்தவைத்து, ஆட்சிக்குழு உறுப்பினர்களில் பெரும்பாலோரை டெக்சஸ் பாப்டிஸ்ட் சபை மாநாடு நியமிக்க முடியாதபடி செய்தார். வளாகத்தில் பலருக்கு அது ஒரு விடுதலை நாள்.

ஆக, 2000-இல் அங்கே இருந்த உயிரியல், இயற்பியல் ஆசிரியர்கள் மதத்தை வெறுத்தவர்கள் அல்ல. பலர் ஞாயிறுதோறும் தேவாலயம் போகிறவர்கள், சிலர் பைபிள் வகுப்பு நடத்துபவர்கள். கிறித்தவப் பல்கலைக்கழகம் என்றால் படைப்புவாதத்தின் கூடாரம் என்று வெளியுலகம் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே பல வருடம் உழைத்தவர்கள். பேலரிலிருந்து மருத்துவக் கல்லூரிகளுக்குப் போகும் மாணவர்கள் ஏராளம். அந்தக் கல்லூரிகள் பேலரின் உயிரியல் பட்டத்தை என்ன கண்ணால் பார்க்கும் என்பது இவர்களுக்கு அன்றாடக் கவலை.

ஸ்லோன் கொண்டுவந்த ஆள்

1995-இல் தலைவரான ராபர்ட் ஸ்லோன் புதிய ஏற்பாட்டு அறிஞர், சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் இறையியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். அவருக்கு ஒரு பெரிய கனவு. அமெரிக்காவில் தேவாலயங்கள் தொடங்கிய பல்கலைக்கழகங்கள் பலவும் ஆராய்ச்சியில் வளர வளர மதத்தை உதறிவிட்டன. பேலர் இரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டு வளர முடியும் என்று அவர் நம்பினார். விசுவாசமும் கல்வியும் சந்திக்கும் இடமாக ஒரு நிறுவனத்தை வளாகத்தில் அமைத்தார். அதன் வழியாகத்தான், பொலானி மையத்தின் இயக்குநரான வில்லியம் டெம்ப்ஸ்கி உள்ளே வந்தார்.

டெம்ப்ஸ்கியைச் சாதாரண மேடைப் பேச்சாளர் என்று ஒதுக்க முடியாது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம், சிகாகோவிலேயே இலினாய் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் இன்னொன்று, பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் ஒரு பட்டம். நிகழ்தகவை வைத்து வடிவமைப்பை ஊகிப்பது பற்றிய அவருடைய நூலை 1998-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. இந்த இயக்கத்தில் அப்படிப்பட்ட பதிப்பகத்தின் முத்திரை வாங்கியவர்கள் அதிகம் இல்லை.

அவருடைய வாதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு நிகழ்வு இயற்கை விதியால் கட்டாயமாக நடந்ததா, தற்செயலா, இரண்டுமில்லையா என்று வரிசையாக வடிகட்ட வேண்டும். நிகழ்தகவு மிகமிகச் சிறியதாகவும், முன்கூட்டியே சொல்லக்கூடிய ஒரு வடிவத்துக்குப் பொருந்துவதாகவும் இருந்தால் அது வடிவமைப்பு. எவ்வளவு சிறியது என்பதற்கு ஓர் எல்லையும் போட்டார். அண்டத்தில் உள்ள துகள்கள் 10 அடுக்கு 80, ஒரு நொடியில் நிகழக்கூடிய மாற்றங்கள் 10 அடுக்கு 45, நொடிகளுக்கு மேல்வரம்பு 10 அடுக்கு 25. மூன்றையும் பெருக்கினால் 10 அடுக்கு 150. இந்தப் பெரிய எண்ணில் ஒன்றைவிடக் குறைந்த வாய்ப்புள்ளதைத் தற்செயலின் தலையில் கட்ட முடியாது என்றார்.

கணக்கு பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு புரதத்துக்கோ பாக்டீரியாவின் நகரும் இழைக்கோ அந்த நிகழ்தகவை எப்படிக் கணக்கிடுவது? படிப்படியாகச் சேர்ந்து வந்த ஒன்றை, மொத்தமாக ஒரே குலுக்கலில் விழுந்தது போலக் கணக்கிட்டால் எண் எப்போதும் அசாத்தியமாகவே வரும். எலியட் சோபர் முதலிய தத்துவவாதிகள் 1999-லேயே இந்த வடிகட்டியின் தர்க்கத்தை விரிவாகக் கிழித்துப் போட்டிருந்தார்கள். அது கல்வி உலகில் வழக்கமாக நடப்பதுதான். ஒருவர் வாதம் வைக்கிறார், இன்னொருவர் ஓட்டை காட்டுகிறார். இந்த அளவில் நின்றிருந்தால் பேலரில் ஒரு கருத்தரங்கோடு விஷயம் ஓய்ந்திருக்கும்.

ஓயவில்லை. டெம்ப்ஸ்கி எந்தத் துறையும் தேர்ந்தெடுத்த ஆள் இல்லை. கணிதத் துறையோ தத்துவத் துறையோ விளம்பரம் கொடுத்து, நேர்காணல் வைத்து, வாக்களித்து எடுக்கவில்லை. தலைவரின் விருப்பத்தில் வந்தார். துணை இயக்குநர் புரூஸ் கார்டனும் வடிவமைப்பு முகாமைச் சேர்ந்தவர்தான். அதற்கு மேல், டெம்ப்ஸ்கி, வடிவமைப்பு இயக்கத்தை முன்னின்று நடத்தும், சியாட்டிலில் உள்ள டிஸ்கவரி இன்ஸ்டிட்யூட்டின் ஆய்வாளராகவும் இருந்தார். அந்த நிறுவனத்தின் உள் ஆவணம் ஒன்று 1999-இல் இணையத்தில் கசிந்திருந்தது. அறிவியலில் பொருள்முதல்வாதத்தை வீழ்த்தி, கிறித்தவ நம்பிக்கைக்கு இசைவான ஓர் அறிவியலைக் கொண்டுவருவதுதான் நோக்கம் என்று அதில் வெளிப்படையாக எழுதியிருந்தார்கள். ஆராய்ச்சி, விளம்பரம், பண்பாட்டு மோதல் என்று கட்டங்கள் வேறு. இதைப் படித்த பேலர் உயிரியல் ஆசிரியருக்கு, தன் வளாகத்தில் முளைத்திருக்கும் மையம் எந்தக் கட்டத்தின் பகுதி என்று சந்தேகம் வருவது இயல்பு.

இதற்கு நேர் எதிரான ஒரு சான்று அதே வளாகத்தில் இருக்கிறது. வால்டர் பிராட்லி என்ற பொறியியலாளர் 2002-இல் பேலரில் பேராசிரியராகச் சேர்ந்தார். உயிரின் தோற்றத்தைப் பற்றி 1984-இல் வந்த, வடிவமைப்பு இயக்கத்தின் முன்னோடி என்று கருதப்படும் நூலின் ஆசிரியர்களில் அவரும் ஒருவர். அதாவது அந்த வட்டாரத்தில் டெம்ப்ஸ்கியை விட மூத்தவர். பொறியியல் துறைக்குள் பொறியாளராக வந்தார். அவர் அங்கே செய்த வேலைகளில் ஒன்று, தேங்காய் நாரைக் கொண்டு காரின் உட்பாகங்களுக்கு ஆகும் பலகை தயாரிப்பது. ஏழைத் தென்னை விவசாயிகளுக்கு வருமானம் கூட வேண்டும் என்பது நோக்கம். (தெற்காசிய வாசகர் யாருக்கும் இந்த மனிதரைப் பிடிக்காமல் போகாது.) அவர் வரவுக்கு எதிராக ஆசிரியர் மன்றம் கூடித் தீர்மானம் போடவில்லை.

2000 ஏப்ரல்

ஏப்ரல் 12 முதல் 15 வரை பொலானி மையம் ஒரு பெரிய மாநாடு நடத்தியது. அண்டத்தையும் உயிரையும் இயற்கைக் காரணங்களைக் கொண்டே விளக்கிவிட முடியுமா என்பது தலைப்பு. வந்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் இன்றும் வியப்பாக இருக்கும். இயற்பியல் நோபல் பெற்ற ஸ்டீவன் வைன்பெர்க், மருத்துவ நோபல் பெற்ற கிறிஸ்டியன் டி டூவ், அண்டம் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் வீங்கிய கதையைச் சொன்ன ஆலன் கூத், புதைபடிவ ஆய்வாளர் சைமன் கான்வே மாரிஸ். எதிர்ப்பக்கத்தில், வடிவமைப்பு முகாமின் உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி. வைன்பெர்க் மதத்தைக் கடுமையாகச் சாடுகிறவர். அவரையும் மேடையேற்றிய மாநாட்டை ஒருதலைப்பட்சம் என்று சொல்ல முடியாது.

ஆனால் பேலர் ஆசிரியர்களின் கண்ணில் பெரிய பெயர்கள் வந்ததே பிரச்சினையாகப் பட்டது. நோபல் பரிசு பெற்றவர் வந்து எதிர்த்துப் பேசினாலும், 'எங்களோடு விவாதிக்க நோபல் அறிஞர்களே வந்தார்கள்' என்று சொல்லிக்கொள்ள முடியும். எதிர்த்துப் பேசியவரும் மேடைக்கு மதிப்புச் சேர்த்துவிடுகிறார். இந்த வாதத்தில் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. மீதிப் பாதியில், இப்படி யோசித்தால் யாரும் யாரோடும் பேச முடியாதே என்றுதான் தோன்றுகிறது.

மாநாடு முடிந்து மூன்றாம் நாள், ஏப்ரல் 18 அன்று, மன்றத்தின் வாக்கெடுப்பு நடந்தது. மையத்தைக் கலைத்து, விசுவாசமும் கல்வியும் பற்றிய நிறுவனத்திலேயே சேர்த்துவிடும்படி பரிந்துரை. ஸ்லோன் மறுத்தார். இது தணிக்கை, 1950-களில் கம்யூனிஸ்டுகள் என்று சந்தேகப்பட்டவர்களைத் துரத்திய மெக்கார்த்தி காலத்து வேட்டையை நெருங்குகிறது என்றார். ஒரு தலைவர் தன் ஆசிரியர்களைப் பார்த்து அப்படிச் சொல்லிவிட்டால் அதன் பிறகு உட்கார்ந்து பேச என்ன மிச்சம் இருக்கும்? கல்விச் சுதந்திரம் என்ற சொல்லை இரண்டு பக்கமும் கையில் எடுத்திருந்தார்கள். ஸ்லோனுக்கு அது டெம்ப்ஸ்கி தன் ஆய்வைச் செய்யும் உரிமை. மன்றத்துக்கு அது எது ஆய்வு என்று துறை அறிஞர்கள் தீர்மானிக்கும் உரிமை.

இரண்டும் உண்மையான உரிமைகள்தான். வழக்கமாக ஒன்றையொன்று முட்டாது, ஏனென்றால் நடுவில் நியமனம் என்ற சல்லடை இருக்கிறது. சக அறிஞர்கள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பிறகு அவர் என்ன ஆராய்ந்தாலும் தலையிடுவதில்லை. முதல் கட்டத்தில் அவர்கள் கையில் அதிகாரம், இரண்டாம் கட்டத்தில் அவர் கையில் சுதந்திரம். ஸ்லோன் முதல் கட்டத்தைத் தாண்டி ஆளைக் கொண்டுவந்துவிட்டு, இரண்டாம் கட்டத்தின் பாதுகாப்பை அவருக்குக் கேட்டார். மன்றம் ஏற்காததில் வியப்பில்லை.

இதற்கிடையில் வாஷிங்டனிலும் ஒரு கிளைக்கதை. மே மாதம் டிஸ்கவரி இன்ஸ்டிட்யூட் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு வடிவமைப்பு பற்றி ஒரு விளக்கக் கூட்டம் நடத்தியது. பேலரின் அறிவியல் ஆசிரியர்கள் எட்டுப் பேர் அதைக் கண்டித்து உறுப்பினர் மார்க் சூடருக்குக் கடிதம் எழுதினார்கள். அவர் ஜூனில் அவையிலேயே எழுந்து அந்தக் கடிதத்துக்குப் பதில் சொன்னார். வேக்கோவின் வளாகத் தகராறு தேசிய அவைக் குறிப்பில் ஏறிவிட்டது.

கூப்பர் குழு

ஸ்லோன் கடைசியில் ஒரு குழு அமைக்க ஒப்புக்கொண்டார். பேலரின் தத்துவப் பேராசிரியர் வில்லியம் கூப்பர் தலைமை. அறிக்கை 2000 அக்டோபர் 17 அன்று வந்தது. இந்த நிகழ்வு முழுவதிலும் நிதானத்தோடு எழுதப்பட்ட ஆவணம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

வடிவமைப்பு வாதத்தின் கணிதக் கட்டமைப்பைத் தர்க்க ரீதியாக ஆராய்வது ஒரு முறையான கல்விப் பணி, பேலரில் அதற்கு இடம் உண்டு என்று அறிக்கை சொன்னது. டெம்ப்ஸ்கிக்கு இது சாதாரண வெற்றி இல்லை. பொலானியின் பெயரை எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னது. வேதியியலாளராக இருந்து தத்துவவாதியான மைக்கேல் பொலானி, உயிரை இயற்பியல் வேதியியல் விதிகளாக மட்டும் சுருக்க முடியாது என்று எழுதியவர்தான். அதற்காக வடிவமைப்பாளர் ஒருவர் இருக்கிறார் என்ற முடிவுக்கு அவர் கையெழுத்துப் போட்டதாகக் கொள்ள முடியாது. மூன்றாவது, இந்தப் பணி தனி மையமாக இல்லாமல், ஆசிரியர்களைக் கொண்ட ஓர் ஆலோசனைக் குழுவின் மேற்பார்வையில் விசுவாச நிறுவனத்துக்குள் நடக்க வேண்டும்.

பெயர்ப்பலகை போகும், வேலை இருக்கும். இதைவிட நல்ல சமரசம் அன்று யாருக்கும் கிடைத்திருக்காது.

அன்றே டெம்ப்ஸ்கி ஓர் அறிக்கை விட்டார். தன் பணிக்கு நிபந்தனையற்ற அங்கீகாரம் கிடைத்துவிட்டது, மையத்தை மூடச் சொன்ன பிடிவாதக்காரர்கள் தங்கள் வாட்டர்லூவைச் சந்தித்துவிட்டார்கள் என்று எழுதினார். அதாவது நெப்போலியன் கடைசியாகத் தோற்ற களம். அறிக்கையில் நிபந்தனைகள் நிறையவே இருந்தன. எதிர்த்தவர்கள் நாளை காலை காபி கடையில் முகத்தைப் பார்க்க வேண்டிய சக ஊழியர்கள். திரும்பப் பெறும்படி கேட்டார்கள், மறுத்துவிட்டார். அக்டோபர் 19 அன்று, விசுவாச நிறுவனத்தின் இயக்குநர் மைக்கேல் பீட்டி அவரைப் பொறுப்பிலிருந்து நீக்கினார். சொல்லப்பட்ட காரணம், சக ஊழியர்களோடு ஒத்துழைக்கும் பண்பு இல்லை என்பது. பொறுப்பு தற்காலிகமாக கார்டனிடம் போனது.

ஒத்துழைப்புப் பண்பு என்பது கல்வி உலகில் கொஞ்சம் ஆபத்தான அளவுகோல். பிடிக்காதவரை வெளியே தள்ள அதை யாரும் பயன்படுத்தலாம். ஆனாலும் நிர்வாகப் பொறுப்பும் பேராசிரியர் பதவியும் ஒன்றல்ல. ஒரு மையத்தை நடத்துபவர் சக துறைகளோடு பேசிப் பழகித்தான் ஆக வேண்டும். டெம்ப்ஸ்கியின் வேலை போகவில்லை. 2005-இல் ஒப்பந்தம் முடியும் வரை சம்பளம் வந்துகொண்டிருந்தது. வகுப்பு மட்டும் கிடைக்கவில்லை. வீட்டிலிருந்து எழுதிக்கொண்டிருந்தார். பல்கலைக்கழகத்தால் சேர்த்துக்கொள்ளவும் முடியவில்லை, விலக்கவும் முடியவில்லை என்பதற்கு இந்த ஐந்து வருடமே சாட்சி.

ஸ்லோனும் அதிக நாள் நீடிக்கவில்லை. அவருடைய பெருந்திட்டங்கள், கடன், கட்டணம், நியமன நேர்காணல்களில் கேட்கப்பட்ட மதக் கேள்விகள் என்று பல காரணங்களில் ஆசிரியர் மன்றம் 2003-இல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றியது. 2005-இல் பதவி விலகினார். பொலானி மையம் அந்தக் கணக்கில் முதல் வரி.

அப்புறம் 2007

சண்டை இன்னொரு வடிவில் திரும்பி வந்தது. ராபர்ட் மார்க்ஸ் மின்பொறியியலில் நல்ல பெயர் உள்ளவர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கால் நூற்றாண்டு பணிபுரிந்துவிட்டு 2003-இல் பேலருக்கு வந்தார். முறைப்படி நியமனம் பெற்ற மூத்த பேராசிரியர். அவர் 'பரிணாமத் தகவலியல் ஆய்வகம்' என்ற பெயரில் ஒரு பக்கத்தைப் பேலரின் கணினியிலேயே ஏற்றினார். கூட்டாளி டெம்ப்ஸ்கி. பக்கம் பொதுக் கவனத்துக்கு வந்ததும், பொறியியல் புலத் தலைவர் பெஞ்சமின் கெல்லி அதை எடுத்துவிடச் சொன்னார். எடுக்கப்பட்டது. டெம்ப்ஸ்கியை மார்க்ஸின் கீழ் ஆய்வாளராக அமர்த்த வந்திருந்த ஒரு மானியத்தையும் பல்கலைக்கழகம் திருப்பி அனுப்பியது. வக்கீல் வைத்துப் பேசினார்கள். இது பேலரின் கருத்தல்ல என்ற அறிவிப்பை எப்படி எழுதுவது என்பதில் இழுபறி. கடைசியில் மார்க்ஸ் பக்கத்தை வெளியே வேறொரு கணினிக்கு மாற்றிக்கொண்டார்.

2000-இல் நான் ஆசிரியர் மன்றத்தின் பக்கம் சாய்வேன் என்றால், 2007-இல் மார்க்ஸின் பக்கம்தான் சாய்வேன். அவர் வாசல் வழியாக வந்தவர். தன் துறையில், கணினி விடை தேடும் வழிமுறைகளைப் பற்றி எழுதத் தகுதியுள்ளவர். 'ஆய்வகம்' என்ற சொல் பல்கலைக்கழகத்தின் ஒப்புதலைக் குறிப்பதுபோல் இருக்கிறது என்ற நிர்வாகத்தின் ஆட்சேபம் ஒரு வரியில் தீர்க்கக்கூடியது. நாலு பேராசிரியர்கள் சேர்ந்தால் வாசலில் ஆய்வகம் என்று ஒரு தாள் ஒட்டிக்கொள்வது எல்லா வளாகத்திலும் உள்ள வழக்கம்தானே. பேலருக்கு அந்தத் தாளைப் பார்த்ததும் 2000 ஞாபகம் வந்துவிட்டது. டிஸ்கவரி இன்ஸ்டிட்யூட்டுக்கோ இன்னொரு ஒடுக்குமுறைக் கதை கிடைத்தது. அடுத்த ஆண்டே ஓர் ஆவணப்படத்தில் மார்க்ஸ் வந்தார்.

ஆய்வு என்ன ஆனது? மார்க்ஸும் டெம்ப்ஸ்கியும் 2009-இல் மின்பொறியாளர்களின் உலக அமைப்பான ஐஇஇஇ-யின் ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வெளியிட்டார்கள். எல்லாச் சிக்கல்களையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் எந்தத் தேடல் முறையும் குருட்டாம்போக்கைவிட மேலல்ல என்று வோல்பர்ட், மக்ரெடி இருவரும் 1997-இல் நிறுவிய தேற்றம் இருக்கிறது. அதை அடித்தளமாக வைத்து, ஒரு தேடல் வெற்றி பெற்றால் அந்த வெற்றிக்கான தகவல் முன்னரே உள்ளே வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று வாதித்தார்கள். கணிதம் கணிதமாக நிற்கிறது. உயிரியலுக்குள் கொண்டுவரும்போதுதான் வழுக்குகிறது. இயற்கை எல்லாச் சிக்கல்களின் சராசரி அல்ல. ஒரு மரபணுவில் ஓரெழுத்து மாறினால் விளைவும் பெரும்பாலும் கொஞ்சம்தான் மாறும். வேதியியலும் இயற்பியலும் அப்படி. அண்டை இடங்கள் ஒன்றுக்கொன்று ஒத்திருந்தால் போதும், சிறு மாற்றமும் தேர்வும் சேர்ந்து மேலேற வழி இருக்கும். அந்த ஒத்திருப்பைத் தந்தது ஓர் அறிவுதான் என்று யாராவது சொன்னால், அது பரிணாமத்துக்கு எதிரான வாதம் இல்லை, இயற்பியலுக்குப் பின்னால் யார் என்ற வாதம். வோல்பர்ட்டே டெம்ப்ஸ்கியின் பழைய நூலைப் படித்துவிட்டு, மறுக்கவோ ஏற்கவோ பிடிமானம் இல்லாதபடி எழுதப்பட்டிருக்கிறது என்ற பொருளில் கடுமையாக எழுதினார்.

பாருங்கள், இவையெல்லாம் ஒரு துறைக் கருத்தரங்கில் இரண்டு மணி நேரம் அலசக்கூடிய விஷயங்கள். பேலரில் ஏழெட்டு வருடம் நடந்த சண்டையில் வளாகம் கூடி இதை அலசியதாகக் காணோம். மையம் யாருடையது, பக்கம் எந்தக் கணினியில் என்பதிலேயே காலம் போனது. இன்னொரு பக்கம், வடிவமைப்பு முகாமும் ஆராய்ச்சியில் பெரிதாக எதையும் கொண்டுவரவில்லை. மதமும் அறிவியலும் சந்திக்கும் இடத்தில் பணத்தைக் கொட்டும் டெம்பிள்டன் அறக்கட்டளை, இவர்களிடம் ஆய்வுத் திட்டங்கள் கேட்டும் வரவில்லை என்று 2005-இல் பத்திரிகைக்குச் சொன்னது. இதை எதிரி சொன்னதாகத் தள்ள முடியாது. அனுதாபத்தோடு கதவைத் திறந்து வைத்தவர்கள் சொன்னது.

மறுபக்கக் கதவு

பேலரை விட்டதும் டெம்ப்ஸ்கி இறையியல் கல்லூரிகளுக்குப் போனார். முதலில் லூயிவில், பிறகு 2006 முதல் ஃபோர்ட் வொர்த்தில் உள்ள தென்மேற்கு பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரி. பேலர் பயந்து விலகி ஓடிய பழமைவாத அணியின் கோட்டை அது. இங்கே அவரை மதவாதி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

2009-இல் வந்த ஒரு நூலில், பூமி பல நூறு கோடி ஆண்டு பழையது என்று ஏற்றுக்கொண்டதோடு, பைபிளில் வரும் நோவாவின் வெள்ளம் உலகம் முழுவதையும் மூழ்கடித்ததாக இல்லாமல் ஒரு வட்டாரத்தில் வந்ததாக இருக்கலாம் என்ற பொருளில் அவர் எழுதியிருந்தார். பிடித்துக்கொண்டார்கள். 2010-இல் கல்லூரித் தலைவர் பெய்ஜ் பேட்டர்சன் அவரை அழைத்து விசாரித்தார். வெள்ளம் உலகளாவியது, வேதம் பிழையற்றது என்று டெம்ப்ஸ்கி எழுத்தில் உறுதி கொடுத்த பிறகுதான் வேலை தப்பியது. பேலரில் வாட்டர்லூ வரியைத் திரும்பப் பெற மறுத்தவர், இங்கே பணிந்தார். அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. சம்பளத்தை நம்பி வாழும் எந்த ஆசிரியருக்கும் இந்த இடம் தெரியும்.

மத நிறுவனங்களில் இந்தப் பக்கத்து அடிதான் அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். இலினாய் மாநிலத்தின் ஒலிவெட் நாசரீன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் காலிங் என்ற உயிரியல் பேராசிரியர், பரிணாமமும் கடவுள் நம்பிக்கையும் ஒத்துப்போகும் என்று எழுதியதற்காக 2007-இல் பொது உயிரியல் பாடம் நடத்தக் கூடாது என்று தடுக்கப்பட்டார். கலிபோர்னியாவில் அட்வென்டிஸ்ட் சபையின் லா சியரா பல்கலைக்கழகத்தில், பரிணாமத்தைப் பரிணாமமாகவே கற்பித்ததற்காக உயிரியல் துறை பல ஆண்டு தாக்குதலுக்கு ஆளானது. இவர்களுக்காக யாரும் ஆவணப்படம் எடுக்கவில்லை.

அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் 1940-லேயே இதற்கு ஒரு விதி எழுதி வைத்திருக்கிறது. மத நோக்கத்தால் கல்விச் சுதந்திரத்துக்கு வரம்பு போடுவதாக இருந்தால், நியமனத்தின்போதே அதை எழுத்தில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பேலரின் சங்கடம், அது எழுதித் தரக்கூடிய வரம்பு எதுவும் அதனிடம் இல்லை என்பதுதான். பரிணாமத்தை நம்பு என்றும் எழுத முடியாது, நம்பாதே என்றும் எழுத விரும்பவில்லை. எழுதாத வரம்பை ஒவ்வொரு முறையும் ஆளைப் பார்த்து, நேரத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

பேலரின் உயிரியல் துறை பின்னாளில் தன் பங்குக்கு ஒன்றை எழுத்தில் போட்டது: பரிணாமம் நவீன உயிரியலின் அடிப்படைக் கோட்பாடு, அதைத்தான் கற்பிக்கிறோம் என்று ஒரு துறை அறிக்கை. மார்க்ஸ் அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகத் தொடர்ந்தார், எழுதினார், மாணவர்களுக்கு வழிகாட்டினார். 2018-இல் இயற்கை அறிவும் செயற்கை அறிவும் பற்றிய ஒரு மையத்துக்கு அவர் இயக்குநரானார். அதற்கு வைத்த பெயர் வால்டர் பிராட்லி மையம், தேங்காய் நார் ஆராய்ந்த அதே பிராட்லிதான். மையத்தை நடத்துவது டிஸ்கவரி இன்ஸ்டிட்யூட். பேலர் வளாகத்தில் அதற்குப் பலகை இல்லை.